பெயிண்டுக்கு அடியில் பூத்த துத்தநாகம்: 1:18 ஜாகுவார் இ-டைப் மாடல் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட பொருள் 1:18 அளவிலான (உண்மைக் காரில் 18இல் ஒரு பங்கு) ஜாகுவார் இ-டைப் ரோட்ஸ்டர், அதாவது திறந்த கூரைக் கார். சீரீஸ் 1, 3.8 லிட்டர், ஓபலசென்ட் சில்வர் ப்ளூ நிறம். உடல், பானட், கதவுகள் மூன்றும் துத்தநாகக் கலவை வார்ப்பு. அடித்தட்டு, இருக்கைகள், என்ஜின், சஸ்பென்ஷன் எல்லாம் பிளாஸ்டிக். சக்கரங்களின் ஆரக்கம்பிகள் அமிலத்தில் அரித்தெடுத்த உலோகத் தகடு. பெட்டியை விட்டு அதிகம் வெளியே வராத மாடல். கீழே விழுந்த அடியோ கைபட்ட தேய்மானமோ கிடையாது. அப்படியிருந்தும் பானட் முழுக்கக் கடுகு தூவினாற்போல் கொப்புளம்.

இதைப் பார்த்ததும் பலர் செய்வது, கொப்புளத்தைத் தேய்த்துவிட்டு அதே நிறத்தில் டச்சப் அடிப்பது. சில மாதம் தாங்கும். பிறகு அதே இடத்திலும் பக்கத்திலும் மறுபடி கிளம்பும். காரணம் எளிது: கோளாறு பெயிண்டில் இல்லை, அதற்கு அடியில் உள்ள உலோகத்தில் இருக்கிறது. உலோகம்வரை போகாமல் செய்கிற எந்த வேலையும் ஒப்பனைதான்.

வந்தபோது இருந்த நிலை

கொப்புளங்களின் விட்டம் 0.5 முதல் 1.5 மி.மீ. வரை. பரவல் சீராக இல்லை. நோயைக் கண்டுபிடிக்க முதல் தடயம் அதுதான். பானட்டின் ஓரங்கள், அதன் மேல் உள்ள காற்றுப் பிளவு வரிசைகள், முன்சக்கர வளைவின் பின்பகுதி ஆகிய இடங்களில் அடர்த்தி. கதவுகளில் ஆங்காங்கே. டிக்கி மூடியில் கிட்டத்தட்ட இல்லை. பெட்டிக்குள் மாடலை மெல்லிய பிளாஸ்டிக் தாளில் சுற்றி, அதற்கு மேல் நுரை அச்சை வைத்து மூடியிருந்தார்கள். தாள் இறுக்கமாக ஒட்டியிருந்த இடங்களும் கொப்புளம் நெருக்கமாக இருந்த இடங்களும் பெரும்பாலும் ஒன்றே. பெட்டி இருந்ததோ கதவு மூடிய எம்.டி.எஃப். (மர இழையை அழுத்திச் செய்த) பலகை அலமாரியில்.

மற்ற குறைகள் சிறியவை. இடது முன் டயர், காட்சிப் பீடத்தின் பிளாஸ்டிக்கோடு உருகி ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு ஹெட்லைட் மூடியின் உள்பக்கம் வெள்ளையாகப் பனி படர்ந்திருந்தது. மூன்று வைப்பர்களில் ஒன்று உடைந்திருந்தது. மூன்று என்பது எழுத்துப்பிழை இல்லை: கண்ணாடி அகலமாகவும் உயரம் குறைவாகவும் இருப்பதால் இ-டைப் காருக்கு மூன்று வைப்பர். மாற்றுப் பாகம் வாங்குவோர் இரண்டு வைப்பர் செட்டை வாங்கி ஏமாறுவது உண்டு.

எந்த நோய்?

டைகாஸ்ட் (உருகிய உலோகத்தை அச்சில் அழுத்தி வார்த்த) மாடலில் கொப்புளம் என்றாலே "ஜிங்க் பெஸ்ட்" என்று கைகழுவிவிடுகிற பழக்கம் இருக்கிறது. இரண்டு வேறு நோய்களைக் குழப்பிக்கொள்வதால் வருவது இது. ஒன்றுக்கு மருந்தில்லை, இன்னொன்று குணமாகும்.

மருந்தில்லாதது ஜிங்க் பெஸ்ட். வார்ப்புக் கலவையில் ஈயம், தகரம், காட்மியம் போன்ற அசுத்தங்கள் கலந்துவிட்டால், உலோகத் துகள்களுக்கு இடையிலான எல்லைகள் வழியாக அரிப்பு உள்ளே பரவும். வார்ப்பு வீங்கும், வளையும், வெடிப்பு விடும், கடைசியில் கையில் பொடியாகும். 1929இல் நியூ ஜெர்ஸி ஜிங்க் நிறுவனம் உருவாக்கிய ஜாமாக் கலவை வரிசை (பிரிட்டனில் இதற்கு மாஸாக் என்று பெயர்) மிகத் தூய துத்தநாகத்தில் சுமார் 4% அலுமினியமும் துளி மெக்னீசியமும் சேர்ந்தது. இதில் ஈயம் 0.005 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது தர விதி. லிவர்பூல் பின்ஸ் ரோட்டில் மெக்கானோ நிறுவனம் தயாரித்த போருக்கு முந்தைய டிங்கி பொம்மைகள் பல இந்த நோயில் பொடிந்துபோனதற்குக் காரணம், இந்தத் தூய்மை அப்போது தொழிற்சாலைத் தரையில் காக்கப்படவில்லை என்பதுதான். அப்படிப்பட்ட வார்ப்பை என்ன செய்தாலும் காப்பாற்ற முடியாது. பெயிண்ட் அடிப்பது வீண் வேலை.

குணமாகக்கூடியது மேற்பரப்பு அரிப்பு. வார்ப்பு நன்றாகவே இருக்கும். ஆனால் பெயிண்டுக்கு முன் செய்ய வேண்டிய கழுவலும் ரசாயனப் பூச்சும் சரியாக நடக்காமல், வார்ப்பின் மேல் எண்ணெயோ உப்போ மிஞ்சியிருக்கும். ஈரம் பெயிண்டை ஊடுருவி அங்கே சேரும்போது துத்தநாகம் வெள்ளைப் பொடியாகப் பூக்கும். பூத்தது இடம் கேட்டுப் பெயிண்டைத் தூக்கும். பலகைகளிலிருந்து, முக்கியமாக எம்.டி.எஃப்., ஓக் மரம் போன்றவற்றிலிருந்து, கசியும் அசிட்டிக், ஃபார்மிக் அமில ஆவி இதை வேகப்படுத்தும். மூடிய அலமாரியில் அந்த ஆவிக்குப் போக்கிடம் இல்லை.

இரண்டையும் பிரித்தறிய மூன்று சோதனைகள் செய்யப்பட்டன.

முதலாவது அளவு. உண்மைக் காரின் வீல்பேஸ் (முன், பின் சக்கர அச்சுகளுக்கு இடையிலான தூரம்) 96 அங்குலம், அதாவது 2438 மி.மீ.; 18ஆல் வகுத்தால் 135.5 மி.மீ. வெர்னியரை எடுத்து இதை அளந்து, சரியாக இருக்கிறது, ஆகவே பெஸ்ட் இல்லை என்று முடிவுகட்டுவது இந்த வகை மாடலில் தப்பு. சக்கர அச்சுகள் உட்கார்ந்திருப்பது பிளாஸ்டிக் அடித்தட்டில். உடல் வார்ப்பு எவ்வளவு வீங்கினாலும் வீல்பேஸ் மாறாது. பார்க்க வேண்டியது, வார்ப்பில் உள்ள ஸ்க்ரூ தூண்களும் அடித்தட்டின் துளைகளும் இன்னும் நேருக்கு நேர் நிற்கின்றனவா என்பதை. 180 மி.மீ. இடைவெளியில் இரு தூண்கள் இருந்து வார்ப்பு 0.5% வளர்ந்திருந்தால் 0.9 மி.மீ. விலகல் வரும், ஸ்க்ரூ சாய்ந்து கடிக்கும். இந்த மாடலில் எல்லா ஸ்க்ரூவும் விரல் பலத்தில் சுழன்று வந்தன.

இரண்டாவது பானட். இ-டைப்பில் பானட் என்பது மூடி மட்டுமல்ல. மட்கார்டுகளோடு சேர்ந்து காரின் பாதி நீளத்துக்கு நெருங்குகிற ஒரே துண்டு. மாடலிலும் அது 100 மி.மீ.க்கு மேல் நீளும் ஒற்றை வார்ப்பு. வீக்கம் இருந்தால் அது முதலில் காட்டிக்கொடுப்பது இங்கேதான்: கண்ணாடிக்கு முன்னால் உள்ள இடைவெளி அடைபடும், இல்லை பானட் ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும். இதில் பின் ஓர இடைவெளி இருபுறமும் 0.6 மி.மீ.யாகச் சமமாக இருந்தது.

மூன்றாவது ஊசி. ஒரு கொப்புளத்தைக் கத்தி முனையால் திறந்து, உள்ளேயிருந்த வெள்ளைப் பொடியைத் துடைத்து, ஊசியால் கீறிப் பார்த்தபோது பளிச்சென்று கோடு விழுந்தது. பெஸ்ட் என்றால் சாம்பல் நிறத்தில் உதிரும். குழியின் ஆழம் சுமார் 0.1 மி.மீ. உருப்பெருக்கியில் நுண்வெடிப்பு வலை எதுவும் இல்லை.

முடிவு: மேற்பரப்பு அரிப்பு. முழுதாக உரித்து, திரும்பக் கட்டலாம்.

கழற்றுதல்

அடித்தட்டில் ஆறு ஸ்க்ரூ. பிஹெச்0 (சிறிய நட்சத்திர முனை) திருப்புளி சரியாகப் பொருந்தியது. தலை மழுங்கத் தொடங்கியிருந்த ஒன்றுக்கு, திருப்புளி முனையில் துளி வால்வு கிரைண்டிங் பேஸ்ட் தடவியதும் பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு ஸ்க்ரூவையும் அட்டையில் வரைந்த அடித்தட்டுப் படத்தில் அதனதன் இடத்தில் குத்தி வைக்க வேண்டும். நீளம் ஒன்றுபோல் இருக்காது. நீளமானதைக் குட்டைத் தூணில் முறுக்கினால் பெயிண்டை முட்டிக்கொண்டு வெளியே ஒரு மொட்டு எழும்.

பானட்டை முதலில் எடுக்க வேண்டும். அதன் கீல் மூக்கின் அடியில் இருக்கிறது. பானட்டை முழுதாகத் திறந்த நிலையில் விட்டுவிட்டு உடலைத் திருப்பினால் மொத்த எடையும் அந்த இரண்டு சிறு முளைகளின் மேல் விழும். இ-டைப் மாடல்களில் கீல் முறிவது பெரும்பாலும் விளையாட்டில் இல்லை, பழுது பார்க்கும் மேஜையில்தான்.

பம்பர்கள், மூக்கின் குறுக்குப் பட்டை, கதவுக் கைப்பிடிகள் எல்லாம் குரோம் பூசிய பிளாஸ்டிக். உள்பக்கம் முளை நீண்டு, அதன் நுனி சூட்டில் நசுக்கப்பட்டுக் காளான்போல் விரிந்திருக்கும். வெளியிலிருந்து நெம்பினால் முளை முறியும், குரோமும் வெடிக்கும். உள்ளிருந்து 1.5 மி.மீ. துளைப்பானைக் கையால் சுழற்றிக் காளான் தலையை மட்டும் சீவிவிட்டால் பாகம் தானாக விழும். முறிந்த முளைக்குப் பதிலாக 0.6 மி.மீ. துளையிட்டுப் பித்தளைக் கம்பி நட்டால் முன்னதைவிடப் பலமாக நிற்கும்.

சூப்பர் க்ளூவால் ஒட்டிய கண்ணாடிச் சட்டத்தைப் பிரிக்க, உடலைக் காற்றுப்புகாத பையில் போட்டுச் சில மணி நேரம் ஃப்ரீஸரில் வைத்தார்கள். உலோகமும் பிளாஸ்டிக்கும் வெவ்வேறு அளவில் சுருங்கும், பசையும் குளிரில் நொறுங்கும் தன்மை பெறும். எடுத்த உடனே மெல்லிய தகட்டை நுழைத்தால் "டக்" என்று விடும். பையிலிருந்து வெளியே எடுத்ததும் உலோகத்தில் ஈரம் படியும். எப்படியும் உரிக்கப் போகிற வார்ப்பு என்பதால் இங்கே அது பொருட்டில்லை. பெயிண்டைக் காப்பாற்ற வேண்டிய மாடலில் இந்த வித்தை வேண்டாம்.

உரித்தல்

காஸ்டிக் சோடாவை நெருங்கவே கூடாது. துத்தநாகம் அமிலத்திலும் கரையும், காரத்திலும் கரையும். இரும்புக்குப் பழகியவர்கள் அதே கரைசலில் டைகாஸ்ட்டைப் போட்டால் குமிழி கிளம்பி வார்ப்பு கறுத்து, விளிம்புகளின் கூர்மை போய்விடும். பிரேக் ஆயில் மெதுவாக வேலை செய்யும். ஆனால் வார்ப்பின் நுண்துளைகளில் தங்கி, பிறகு அடிக்கிற பிரைமரில் மீன்கண் வட்டங்களை (பூச்சு ஒட்டாமல் விலகும் சிறு குழிகளை) உண்டாக்கும்.

இங்கே பயன்படுத்தியது ஜெல் வகை பெயிண்ட் ரிமூவர். 2 மி.மீ. தடிமனுக்குப் பூசி, மேலே பாலித்தீன் தாள் மூடி, 20 நிமிடம். நைலான் பிரஷ்ஷால் தள்ளி, மறுபடி ஒரு சுற்று. பானட்டின் காற்றுப் பிளவுகளில் சிக்கியதை மரக்குச்சியைச் சீவிக் கிளற வேண்டும். இரும்பு ஊசி விளிம்பை வெட்டிவிடும். பின்னர் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீர், கடைசி அலசலுக்கு வாலைவடி நீர், உடனே சூடான காற்றில் உலர்த்தல். ஈரத்தோடு இரவு முழுக்க விட்டால் காலையில் புதிதாக வெள்ளை பூத்திருக்கும்.

பழைய பூக்களை நீக்க வினிகரில் ஊறவைக்கச் சொல்பவர்கள் உண்டு. வினிகர் பூவையும் தின்னும், நல்ல உலோகத்தையும் தின்னும். இரண்டு நிமிடத்துக்கு மேல் போனால் குழி அகலமாகும். கண்ணாடி இழைப் பென்சிலால் ஒவ்வொரு குழியையும் பளபளக்கும்வரை தேய்ப்பது அதிக நேரம் பிடிக்கும், ஆனால் கட்டுப்பாடு கையில் இருக்கும். அந்த இழைகள் தோலில் ஏறும் என்பதால் கையுறையும், தூசியை ஈரத்துணியால் எடுப்பதும் கட்டாயம்.

பட்டி பார்க்கும் வரிசை

குழிகளுக்கு இரண்டு பாக எப்பாக்ஸி பட்டி, வெறும் உலோகத்தின் மேலேயே. இந்த வரிசை முக்கியம். முதலில் எட்ச் பிரைமர் (அமிலம் கலந்து உலோகத்தைக் கடித்துப் பிடிக்கும் அடிப்பூச்சு) அடித்துவிட்டு அதன்மேல் கார்களுக்கான பாலியஸ்டர் பட்டியைப் பூசினால், பிரைமரில் உள்ள பாஸ்பாரிக் அமிலம் பட்டியைச் சரியாகக் கெட்டிப்பட விடாது. மாதங்கள் கழித்து விளிம்பு காட்டும், அல்லது கட்டியாகப் பெயரும். ஒரு நாள் கெட்டிப்பட்டதும் 400, பிறகு 600 உப்புத்தாள். தாளை விரலில் சுற்றாமல் சிறு ரப்பர் துண்டில் சுற்றினால்தான் பானட்டின் நீள வளைவு அலைபாயாது. இந்தக் காரின் அழகே அந்த ஒற்றை வளைவுதான், 0.1 மி.மீ. பள்ளமும் விளக்கொளி ஓடும்போது தெரியும்.

உலர்த்தும் சூடு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டவில்லை. அதிக அழுத்தத்தில் அச்சுக்குள் பாய்ந்த உலோகத்துக்குள் காற்று சிறைப்பட்டிருக்கும். 100 டிகிரிக்கு மேல் போகப் போக அந்தக் காற்று விரிந்து மென்மையான இடத்தில் உலோகத்தையே மொட்டாகத் தூக்கலாம். அந்த மொட்டுக்கு உப்புத்தாள் போட்டால் உள்ளே ஓட்டை திறந்துகொள்ளும்.

தடிமன் கணக்கு

பெயிண்ட் அடிப்பதற்கு முன் செய்ய வேண்டிய கணக்கு இது. பெரும்பாலோர் அடித்த பிறகு செய்கிறார்கள். 1:18இல் 0.1 மி.மீ. பூச்சு என்பது உண்மைக் காரில் 1.8 மி.மீ. தடிமனுக்குச் சமம். 0.6 மி.மீ. பானட் இடைவெளி என்பது உண்மையில் 10.8 மி.மீ.; ஏற்கெனவே தாராளம்தான். ஆனால் பூச்சு ஏறுவது இரு விளிம்புகளிலும். ஒவ்வொன்றிலும் பழைய பூச்சைவிட 0.1 கூடுதலாக ஏறினால் 0.4தான் மிஞ்சும். கீல் முளைகளில் உள்ள ஆட்டத்தைச் சேர்த்துப் பார்த்தால், பானட்டைத் திறந்து மூடும்போது பின் மூலை உரசிச் சில்லு பெயர்வது நிச்சயம். விளிம்பில் பெயிண்ட் வழக்கத்தைவிடத் தடிமனாகத் திரளும் என்பதையும் சேர்க்க வேண்டும்.

தொழிற்சாலைப் பூச்சை உரிப்பதற்கு முன் அளந்தபோது 110 முதல் 130 மைக்ரான் (மைக்ரான் என்பது மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை இருந்தது. அளக்கும் கருவி எடி கரண்ட் வகையாக (காந்தம் ஒட்டாத உலோகத்தின் மேலும் அளக்கக்கூடியது) இருக்க வேண்டும். இரும்புத் தகட்டுக்கான காந்த வகைக் கருவி துத்தநாகத்தில் எதுவும் காட்டாது. புதிய பூச்சின் திட்டம்: எட்ச் பிரைமர் 10 மைக்ரான், நிரப்பும் பிரைமர் தேய்த்த பிறகு 25, நிறம் 20, கிளியர் (நிறமற்ற மேல்பூச்சு) பாலிஷுக்குப் பின் 35. மொத்தம் 90. இதற்கு மேல், பானட்டின் பின் விளிம்பையும் கதவுகளின் முன் விளிம்பையும் வெறும் உலோகத்திலேயே மெல்லிய அரத்தால் 0.05 மி.மீ. தாழ்த்தி, கூர் விளிம்பை மழுக்கிவிட்டார்கள். கூர் விளிம்பில் பெயிண்ட் நிற்காது. பாலிஷ் செய்யும்போது முதலில் வெளுப்பது அதுதான்.

நிறம்

எட்ச் பிரைமர் இரண்டு மெல்லிய கோட். அடுத்த பிரைமர் அதே நாளில் மேலே ஏறிவிட வேண்டும். எட்ச் பிரைமர் ஈரத்தைக் குடிக்கும்; ஒரு வாரம் திறந்து கிடந்தால் எதற்காக இவ்வளவு வேலை செய்தோமோ அந்த ஈரத்தை நாமே உள்ளே வைத்து மூடியதாகிவிடும்.

ஓபலசென்ட் சில்வர் ப்ளூ உலோகத்துகள் கலந்த நிறம். முழுக்காருக்குக் கலந்து தரும் பெயிண்டை மாடலில் அடித்தால், நிறக் குறியீடு சரியாக இருந்தும் மாடல் பொம்மைபோல் தெரியும். 30 மைக்ரான் துகள் 1:18இல் அரை மி.மீ. ஜிகினாவாகப் பெரிதாகிவிடுவதுதான் காரணம். மாடலுக்கென்று அரைத்த, மிக நுண்ணிய அலுமினியத் துகள் கொண்ட பெயிண்டே இங்கே சரி. நிறம் இம்மி பிசகினாலும் பரவாயில்லை, துகள் பிசகக் கூடாது.

ஏர்பிரஷ் 0.3 மி.மீ. நுனி, 1.3 பார் அழுத்தம், 10 முதல் 12 செ.மீ. தூரம். முதல் சோதனையில் ஒரு தவறு தெரியவந்தது: பானட்டைப் படுக்க வைத்தும் உடலை நிறுத்தியும் அடித்ததில், இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது பானட் ஒரு சாயல் இருண்டிருந்தது. துகள்கள் எந்தச் சாய்வில் படிகின்றனவோ அதற்கேற்ப ஒளி திரும்பும். தனித்தனிப் பாகமாகப் பார்க்கும்போது தெரியாது. சேர்த்த பிறகுதான் இரண்டு காரை ஒட்டவைத்த மாதிரி நிற்கும். திருத்தம்: முதல் இரண்டு கோட் தனித்தனியாக, பிறகு உடல், கதவு, பானட் மூன்றையும் மூடிய நிலையில் ஒரே தாங்கியில் பொருத்தி, 20 செ.மீ. தூரத்திலிருந்து ஒரே திசையில் மூடுபனிபோல் ஒரு கடைசிக் கோட். உலரும் முன்பே பானட்டைத் திறந்துவிட வேண்டும். இல்லாவிட்டால் இடைவெளியில் பாலம் கட்டிக்கொள்ளும்.

இன்னொன்று பலரும் விட்டுவிடுவது. உண்மை இ-டைப்பில் முன்பகுதியின் சதுரக் குழாய்ச் சட்டமும் பானட்டின் உள்பக்கமும் உடல் நிறத்திலேயே இருக்கும். இந்த மாடலில் சட்டம் கறுப்புப் பிளாஸ்டிக்காக வார்க்கப்பட்டிருந்தது. பானட்டைத் திறந்து காட்டுவதற்காகவே வாங்குகிற மாடல். அந்தச் சட்டத்துக்கும் அதே நிறம் ஏற்றப்பட்டது. பிளாஸ்டிக் என்பதால் எட்ச் பிரைமர் வேண்டாம், பிளாஸ்டிக் பிரைமர் போதும். என்ஜினில் கேம் கவர்கள் பாலிஷ் செய்த அலுமினியப் பளபளப்பில், சிலிண்டர் ஹெட் பொன்னிறத்தில்: 3.8 காருக்கு உரியது அதுதான். பிற்கால 4.2 மாடலைப் பார்த்து ஹெட்டுக்கு வெள்ளி நிறம் அடித்தால் தலைமுறை மாறிவிடும்.

கிளியர் இரண்டு பாக வகை. இதன் கெட்டிப்படுத்தியில் ஐசோசயனேட் இருக்கிறது. சாதாரணத் துணி முகமூடி பயனற்றது. காற்று வழங்கும் முகமூடியும் காற்றோட்டமுள்ள கூண்டும் இல்லாதவர்கள் ஒற்றைப் பாக லாக்கரோடு நிற்பதே சரி. பளபளப்பு கொஞ்சம் குறையும், நுரையீரல் மிஞ்சும். இரண்டு நடுத்தர ஈரக் கோட், ஒரு வாரக் காத்திருப்பு, பிறகு 2000, 3000 தாள்களில் நீர்த் தேய்ப்பு, நுண் காம்பவுண்ட். விளிம்பிலும் காற்றுப் பிளவுகளின் முகட்டிலும் டேப் ஒட்டிக்கொண்டு மற்ற இடத்தைத் தேய்த்து, கடைசியில் டேப்பை எடுத்துக் கையால் இரண்டு இழுப்பு. அதற்கு மேல் அந்த முகடுகள் தாங்காது.

சேர்த்தல்

ஹெட்லைட் மூடியில் இருந்த பனி, சூப்பர் க்ளூவின் ஆவி படிந்தது. துணியால் துடைத்தால் போகாது. பிளாஸ்டிக் பாலிஷால் உள்பக்கம் பஞ்சுக் குச்சியை வட்டமாகத் தேய்த்ததில் போனது. திரும்ப ஒட்டியது வெள்ளையாக வந்து கண்ணாடிபோல் உலரும் நீர்ப் பசையால். பிடிக்க நேரம் ஆகும், ஆனால் ஆவி விடாது. இ-டைப்பில் இது சும்மா அலங்காரம் இல்லை: மூடி போட்ட ஹெட்லைட், சிறிய மூக்குத்துளை, பம்பருக்கு மேலே பின்விளக்கு, இவைதான் சீரீஸ் 1இன் அடையாளம். 1968இல் வந்த சீரீஸ் 2இல் ஹெட்லைட் திறந்தும் மூக்கு அகன்றும் பின்விளக்கு பம்பருக்குக் கீழேயும் இருக்கும்.

உடைந்த வைப்பர் 0.3 மி.மீ. துருப்பிடிக்காத கம்பியை வளைத்துச் செய்யப்பட்டது. பம்பர் முளைகளுக்குத் துளி எப்பாக்ஸி. பழையபடி சூட்டில் நசுக்கத் தேவையில்லை.

நம்பர் பிளேட்டில் ஓர் ஆசை எழும். 1961 மார்ச்சில் ஜெனீவா கண்காட்சிக்காக, ஜாகுவாரின் சோதனை ஓட்டுநர் நார்மன் டூயிஸ் கோவென்ட்ரியிலிருந்து இரவோடு இரவாக ஓட்டிச்சென்ற ரோட்ஸ்டரின் எண் 77 ஆர்டபிள்யூ. புகழ்பெற்ற எண், ஸ்டிக்கராக எங்கும் கிடைக்கும். ஆனால் அந்தக் கார் பச்சை. அதேபோல் 9600 ஹெச்பி என்ற எண் கொண்ட கார் சாம்பல் நிறக் கூப்பே (மூடிய கூரைக் கார்). நீல ரோட்ஸ்டரில் இரண்டில் எதை ஒட்டினாலும் விவரம் தெரிந்தவர் முகம் சுளிப்பார். பழைய பிளேட்டே திரும்பப் போடப்பட்டது.

டயர் விஷயத்தில், பிவிசி டயரை மென்மையாக வைத்திருக்கும் பிளாஸ்டிசைசர் காலப்போக்கில் வெளியேறி, தொட்டுக்கொண்டிருக்கும் பாலிஸ்டைரீனைக் கரைக்கும். பீடத்தில் விழுந்த பள்ளத்தைத் தேய்த்து எடுக்கலாம். டயரின் தட்டையான இடம் வெந்நீரில் போட்டபோது ஓரளவு மீண்டது. ஒட்டிய பிளாஸ்டிக் தடத்தை 800 தாளால் எடுத்து, அந்தப் பக்கம் கீழே வரும்படி மாட்டினார்கள். சிலிகான் டயர் பாலிஷ் வேண்டவே வேண்டாம். அது கைவழியாகப் பெயிண்டுக்குப் போய், அடுத்த முறை பூசும்போது மீன்கண்ணாகத் திரும்பி வரும்.

முடித்த பிறகு அளவுகள்: பூச்சு பானட்டின் நடுவில் 88 மைக்ரான், விளிம்புக்கு அருகே 102. பின் ஓர இடைவெளி இடப்புறம் 0.5, வலப்புறம் 0.55 மி.மீ. வலப்பக்க முளையில் 0.05 தகடு வைத்துச் சரிசெய்யலாம். ஆனால் அந்த முளையைத் திரும்ப ஒருமுறை கழற்றுவதில் உள்ள ஆபத்து அந்த வித்தியாசத்தைவிடப் பெரிது என்று அப்படியே விடப்பட்டது. டிக்கி மூடியை மட்டும் தப்பித்த பகுதி என்று உரிக்காமல் விட்டிருக்கலாமே என்ற கேள்விக்கும் பதில் உண்டு: அங்கேயும் ரிமூவருக்கு அடியில் ஊசிமுனை அளவுப் பூக்கள் நான்கைந்து தெரிந்தன, மேலே தூக்கும் அளவுக்கு வளராததால் கண்ணில் படவில்லை.

வைக்கும் இடம் மாறியது. பிளாஸ்டிக் தாளும் நுரையும் தனியே எடுத்து வைக்கப்பட்டன. பெட்டியோடு விற்பனை மதிப்பு உண்டு என்பதால் எறியவில்லை. மாடல் கண்ணாடியும் அலுமினியமும் கொண்ட கூட்டில், மேலும் கீழும் 5 மி.மீ. காற்றுத் துளைகளோடு. ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள். நிறம் மாறும் வகை சிலிகா ஜெல் ஒரு சிறு கிண்ணத்தில் 50 கிராம், நிறம் மாறியதும் 110 டிகிரியில் சில மணி நேரம் சூடாக்கித் திரும்ப வைக்கலாம். அடித்தட்டை இரண்டு அக்ரிலிக் தாங்கிகள் ஏந்துகின்றன, டயர் தரையைத் தொடாமல் ஒரு மி.மீ. மேலே நிற்கிறது. பானட்டை மூடியே வைக்க வேண்டும். திறந்து காட்சிக்கு வைப்பதானால் மூக்கின் அடியில் நுரை ஆப்பு ஒன்றைச் செருகி எடையைக் கீலிலிருந்து எடுத்துவிட வேண்டும். பரிசோதனைக்குப் பார்க்க வேண்டிய இடங்கள் பானட்டின் காற்றுப் பிளவு முகடுகளும் முன்சக்கர வளைவின் உள்விளிம்பும்: சாய்வாக டார்ச் அடித்தால், 0.3 மி.மீ. கொப்புளம்கூட நிழல் காட்டும்.